ஆட்டமும் பிறவியும்

நாணயத்தில் எழுத்தோ வருஷமோ இரட்டையாகத் தெரிந்தால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். அச்சே பிழையோடு பிறந்திருக்கலாம். அல்லது அச்சு சரியாக இருந்து, நாணயம் அடிக்கும்போது ஆடியிருக்கலாம். முதல் வகையை டபுள் டை என்கிறார்கள், ஆளாளுக்குத் தேடுவது அதைத்தான். இரண்டாவது மெஷின் டபுளிங். ஒரு ரூபாயில் அது இருந்தால், அந்த ஒரு ரூபாய்க்கு டீக்கடையில் ஒரு மிட்டாய் கிடைக்கும், அவ்வளவுதான்.

டபுள் டைக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் 1955-ல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த அமெரிக்க ஒரு சென்ட். அந்தக் காலத்தில் எஃகு அச்சில் உருவம் ஒரே அழுத்தலில் முழுசாகப் பதியாது. ஒருமுறை அழுத்தி, எஃகைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் அழுத்தலில் ஓர் அச்சு லேசாகத் திரும்பிவிட்டது. வருஷமும் எழுத்துகளும் இரண்டிரண்டாகப் பதிந்தன. கண்டுபிடிப்பதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள் நல்லவற்றோடு கலந்துபோய்விட, அப்படியே வெளியே விட்டார்கள். இன்று அதில் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. அதே வருஷத்தில் தேய்ந்த அச்சினால் எண் மங்கலாக இரட்டித்த சென்ட்டுகளும் உண்டு. அவற்றின் பட்டப்பெயர் 'ஏழையின் டபுள் டை'.

இதையெல்லாம் ஒருநாள் என் மாமாவுக்கு விளக்கவேண்டி வந்தது. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பையில் விழுந்த சில்லறையில் வித்தியாசமாகப் பட்டதையெல்லாம், தன் காசைப் போட்டு மாற்றி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்தவர். அதில் ஒன்று 1998-ஆம் வருஷத்து எஃகு ஒரு ரூபாய். இரண்டு ஒன்பதுகளுக்கும் பக்கத்தில் நிழல்போல இன்னும் இரண்டு ஒன்பதுகள். ஏதோ விளம்பரத்தைப் பார்த்து அதன் படத்தை அனுப்பியிருக்கிறார். ஒன்பது லட்சம் தருவதாகப் போன் வந்தது. பதிவுக் கட்டணம் என்று 6,500 ரூபாய் கட்டியாகிவிட்டது. இப்போது 'ஜிஎஸ்டி'க்கு 45,000 கேட்கிறார்கள். மாமியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகத் தயாராக மேஜைமேல் இருந்தது.

பத்து மடங்கு லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.

"ரெண்டாவது ஒன்பது எப்படி இருக்கு மாமா? மொதல் ஒன்பது மாதிரி உருண்டு மேடா இருக்கா, தட்டையா இருக்கா?"

"தட்டையா... படிக்கட்டு மாதிரி இருக்குடா."

அதுதான் அடையாளம். அடித்து முடிந்த கணத்தில் தளர்வான அச்சு நகர்ந்து, எழும்பியிருக்கும் எண்ணின் ஓரத்தை நசுக்கித் தள்ளுகிறது. பளபளப்பான ஒரு தாழ்ந்த படி உண்டாகிறது. இரண்டாவது எண் புதிதாக வந்ததில்லை, முதல் எண்ணிலிருந்து பிடுங்கியது. அதனால் மூல எண் மெலிந்துபோகும். டபுள் டையில் நேர்மாறு. எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவமும் உருண்டு மேடாக நிற்கும். எழுத்தின் நுனிகள் பிளந்து, நடுவில் சின்ன வெட்டு தெரியும்.

மாமா விடவில்லை. "டபுள் டைன்னா அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசும் ஒரே மாதிரி இருக்கும்ங்கிற. இது அடிக்கும்போது ஆடுனது, இதே மாதிரி இன்னொண்ணு இருக்காது. அப்ப இதுக்குத்தானே மாப்ள வெல ஜாஸ்தி?"

நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டம் அன்றாடம் நடப்பது. கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, எத்தனையோ காசுகளில் இருக்கிறது. பிழையான அச்சு எப்போதாவதுதான் பிறக்கிறது. பிறந்தால் அதன் கூடப்பிறந்த காசுகள் எங்கெங்கோ கிடைக்கின்றன. ஒன்றை இன்னொன்றோடு வைத்து, அதே இடத்தில் அதே கோணத்தில் இரட்டிப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அந்தச் சாட்சிக்கும் சேர்த்துத்தான்.

அவர் நாணயத்தைத் துடைத்து மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "எத்தனையோ டிரிப்பு, எவ்வளவோ சில்லற. ஒண்ணாவது நம்ம கைக்குன்னு வந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார். அதற்கு என்னிடம் லென்ஸ் இல்லை.

பழைய நாணயம் வாங்கி விற்பதற்குத் தான் கட்டணம் எதுவும் கேட்பதில்லை, தன் சார்பில் அதை வசூலிக்க யாருக்கும் அதிகாரமும் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே அறிவித்திருக்கிறது. போனில் அதை எடுத்து வாசித்துக்காட்டினேன். 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். 6,500 இன்னும் வரவில்லை. சங்கிலி மாமியின் கழுத்துக்குத் திரும்பியது. மாமி அன்று எங்கள் இருவரிடமும் பேசவில்லை, ஆனால் காபி வந்தது.

லென்ஸை மாமாவிடமே விட்டுவந்தேன். பாட்டிலில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து வாட்ஸப்பில் படம் அனுப்புகிறார். மெஷின் டபுளிங்குக்கு அவர் வைத்த பெயர் ஆட்டம். டபுள் டைக்குப் பிறவி. இதுவரை வந்த நாற்பத்துச் சொச்சமும் ஆட்டம்தான். போன வாரம் ஓர் ஐந்து ரூபாய் வந்தது, கீழே அவரே எழுதியிருந்தார்: "ஆட்டம்தான். இருந்தாலும் நீ ஒருதடவ பாரு."