மணி ஐயர் எழுதிய கடிதம்

மயிலாப்பூர் வக்கீல்களின் வரலாறு பெரும்பாலும் பதவிகளின் பட்டியலாகவே நமக்குக் கிடைக்கிறது. எஸ். சுப்பிரமணிய ஐயருக்கும் அப்பட்டியல் உண்டு. 1842இல் மதுரையில் பிறப்பு, 1885இல் சென்னைக்குக் குடிபெயர்வு, அவ்வாண்டே பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் பங்கேற்பு, 1895இல் முத்துசாமி ஐயர் மறைந்தபின் உயர்நீதிமன்ற நீதிபதி, மும்முறை தற்காலிகத் தலைமை நீதிபதி, 1900இல் 'சர்' பட்டம், 1907இல் ஓய்வு. மணி ஐயர் என்று ஊரார் அழைத்த அவர், இதன்பின் மயிலாப்பூர் பீச் ஹவுஸில் கடற்காற்று வாங்கிக் காலம் கழித்திருக்கலாம்.

1917 ஜூனில் அன்னி பெசண்ட் உதகையில் காவலில் வைக்கப்பட்டார். அடையாறு பிரம்மஞான சபையிலும் ஹோம்ரூல் இயக்கத்திலும் அவருடன் நின்றவர் ஐயர். அம்மாதமே அமெரிக்க அதிபர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அஞ்சலில் சேர்த்தால் தணிக்கையில் சிக்கும். எனவே ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதனைக் கையோடு எடுத்துச் சென்றனர். மலையமான் மக்களைக் காக்கக் கோவூர் கிழார் தம் சோழனிடமே நேர்நின்று பேசினார். இவரோ தம்மை ஆண்ட அரசைத் தாண்டி, வேற்றுநாட்டுத் தலைவரிடம் முறையிட்டார். அதுவும் சட்டத்தின் ஒழுங்கிலேயே வாழ்நாளைக் கழித்த எழுபத்து நான்கு வயது முதியவர்!

கடிதத்தில் நம்மை உறுத்தும் ஓர் இடமும் உண்டு. சுயாட்சி அளிப்பதாக உறுதி கிட்டினால் மூன்றே மாதங்களில் ஐம்பது லட்சம் இந்தியர் போர்முனைக்கு வருவர் என்கிறார். அந்த ஐம்பது லட்சம் பேரை யார் கேட்டார்கள்? நெல்லையிலும் தஞ்சையிலும் ஏர் பிடித்திருந்தவர்களைப் பேரத்தில் எண்ணாக வைத்தது வக்கீல் புத்திதான். கடிதத்தின் துணிவை மெச்சும்போது இதனை மறைத்துவிடுவது நேர்மையாகாது.

1918இல் செய்தி லண்டனை எட்டியது. இந்தியா மந்திரி மாண்டேகு, காமன்ஸ் சபையில் அக்கடிதத்தை வெட்கக்கேடு என்று சாடினார். ஐயர் மன்னிப்புக் கோரவில்லை. 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். அமிர்தசரஸ் படுகொலைக்குப்பின் தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது மறு ஆண்டில்தான்.

1924 டிசம்பரில் ஐயர் காலமானார். செனட் இல்லத்தின் முன் அவர் சிலை இருக்கிறது. நூல்களோ இன்னமும் அவர் பெயரின் முன் 'சர்' சேர்த்தே அச்சிடுகின்றன.