ரோலக்ஸும் எங்க ஊர் டீக்கடையும்

பொங்கலுக்கு ஊருக்குப் போனா மூணு வேளையும் தின்னுட்டுத் தூங்கணும், லேப்டாப்பைத் தொடவே கூடாதுன்னு சபதம் போட்டுட்டுத்தான் சென்னையில பஸ் ஏறினேன். பூலாம்பாடில இறங்கினதும் டீக்கடைல மாட்டிக்கிட்டேன். விவாதம், ரோலக்ஸ்!

'விக்ரம்' வந்தது 2022 ஜூன் 3. உலகமே அதைப் பேசி முடிச்சிடுச்சு. எங்க பசங்க இன்னும் முடிக்கல.

மறந்தவங்களுக்காக: சந்தனம் (விஜய் சேதுபதி) செத்ததோட கதை முடிஞ்சு போகுது. அப்புறம் மும்பைல ஒரு கூட்டம். அடைக்கலமும் அன்பும் நடந்ததைச் சொல்ல வந்திருக்காங்க. அங்கதான் சூர்யா, ரோலக்ஸா வர்றாரு. விக்ரம் தலைக்கும் 'கைதி' (2019) டில்லி தலைக்கும் விலை பேசுறாரு. அதே கூட்டத்துல விக்ரம் ஒளிஞ்சு நின்னு பார்த்துக்கிட்டிருக்காருன்னு அவருக்குத் தெரியாது. எல்லாம் சில நிமிஷம்தான். அதுக்கே கமல், சூர்யாவுக்கு நிஜ ரோலக்ஸ் வாட்ச் பரிசா குடுத்தாரு.

"அது படத்துல ஒட்டவே இல்லடா. அடுத்த படத்துக்கு இப்பவே விளம்பரம்"னான் ஒருத்தன், கூடப் படிச்சவன். "'சிங்கம் 2'ல போதைப்பொருள் கடத்துறவனைத் துரத்தின ஆளு, இங்க அதையே விக்கிறாரு. அதுக்கு விசில் வேறயா?"ன்னான் இன்னொருத்தன். '24' (2016) படத்துல ஆத்ரேயாவா ஏற்கனவே வில்லத்தனம் பண்ணவர்தானேன்னு பதில் வந்துச்சு.

டீக்கடைக்கு வந்த மாமா விடுவாரா? "மாப்ள, 1985 'காக்கிச் சட்டை'ல சத்யராஜ் சொன்ன 'தகடு தகடு'வை ஊரே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுது. அடுத்த வருஷம் பழைய 'விக்ரம்', சுஜாதா கதை. அதுல சுகிர்தராஜா! அவன்தான்டா வில்லன்."

எனக்கும் வாய் சும்மா இருக்கல. "எல்லாரும் ரோலக்ஸைப் பார்க்கிறீங்க. அது விக்ரமோட சீன்யா. சண்டை போடுறவன் உள்ள குதிச்சிருப்பான். உளவாளி சத்தமில்லாம நின்னு பார்க்கிறான். படத்துலயே சுத்தமான உளவு வேலை அதுதான்." ரெண்டு பேர் தலையாட்டினாங்க. எனக்கு ஒரே பெருமை :)

அப்பதான் ஓரமா நின்ன சித்தப்பா பையன் வாயைத் திறந்தான். பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே திக்கும். "அண்ணே, ரோ... ரோ... ரோ..."

"ரோடு ரோலரா தம்பி?"ன்னு யாரோ கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன்.

அவன் ஒண்ணும் சொல்லல. டீ டம்ளரை வச்சுட்டுப் போயிட்டான். பேச்சு மறுபடி சத்யராஜுக்குப் போயிடுச்சு.

ராத்திரி மொட்டை மாடில உட்கார்ந்திருந்தான். இருட்டுல பச்சைமலை கறுப்பா தெரிஞ்சுது. பக்கத்துல உட்கார்ந்து, "என்னடா சொல்ல வந்தே?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, நின்னு நின்னு சொன்னான். முழுசா எழுதினா அவன் திக்கினதையும் எழுதணும். அதனால சுருக்கமா: ரோலக்ஸ் உள்ள வந்ததும் மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்குது. அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுறாரு. நடுவுல சும்மா இருக்காரு. ஆனா அவர் முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் குறுக்க பேசல, ஒருத்தனும் சிரிக்கல.

அதுக்காகத்தான் அந்த சீனை அத்தனை தடவை பார்த்திருக்கான்.

சொல்லிட்டு எழுந்து நின்னு, ரோலக்ஸ் மாதிரியே நடந்து, வசனத்தைப் பேசிக் காட்டினான். ஒரு இடத்துல கூடத் திக்கல. நடிக்கும்போதும் பாடும்போதும் பலருக்குத் திக்கு வராதுன்னு எங்கயோ படிச்சிருக்கேன். நேர்ல பார்த்தது அன்னிக்குத்தான்.

"நானும் சிரிச்சேன்டா, தப்புதான்"னேன்.

"பா... பார்த்தேண்ணே"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். இப்ப அவன்கிட்டயிருந்து போன் வந்தா, "அ..."ன்னு ஆரம்பிக்கும்போது "ண்ணே"வை நான் முந்திக்கிட்டுச் சொல்றதில்ல. காத்திருக்கேன்.

பி.கு: மாமா இன்னும் சுகிர்தராஜா கட்சிதான்.