வட்டவடையிலிருந்து ஒரு மாதம்

பயணப்பை திண்ணையில் திறந்து கிடக்கிறது. மூன்று வேட்டி, நான்கு சட்டை, இரண்டு துண்டு, ஒரு ஸ்வெட்டர். "மதுரையில எதுக்குங்க ஸ்வெட்டரு?" என்று மனைவி அதை வெளியே எடுத்துப் போடுகிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் கணவர் மறுபடி உள்ளே வைத்து மேலே துண்டைப் போட்டு மூடுகிறார். கை நடுங்கும்போது பார்க்கிறவர்கள் குளிர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு.

அவருக்குப் பெயர் வேண்டாம். வட்டவடையில் பெயரைச் சொன்னால் பாட்டன் வரைக்கும் தெரிந்துவிடும். மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, டாப் ஸ்டேஷனும் பாம்பாடும் சோலைக் காடும் தாண்டி இருக்கும் மலைக் கிராமம் இது. நிலம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பேச்சு தமிழ். சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய தட்டுகள். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. காந்தளூரோடு சேர்த்து இந்த ஊர்ப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு விற்ற காசு கையில் வருகிற வாரம்தான் இவர் வீட்டில் எப்போதும் பயமான வாரம்.

போதை மறுவாழ்வு மையத்துக்குப் போவது என்ற முடிவு இதற்கு முன் மூன்று முறை எடுக்கப்பட்டது. முதல் முறை கேரட் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை பூண்டு ஊன்ற வேண்டியிருந்தது. மூன்றாவது முறை ஊர்த் திருவிழா. வெள்ளாமை இல்லாத மாதம் என்று ஒன்று இந்த மண்ணில் கிடையாது, ஆகவே சாக்குக்கும் பஞ்சமில்லை. இந்த முறை போடியிலிருந்து மனைவியின் அண்ணன் வந்து உட்கார்ந்துவிட்டார். "மாப்ள, கேரட்டுக்கு நான் ஆள் போட்டுட்டேன். நீங்க பையை மட்டும் எடுங்க."

அவர் வெறும் கையோடு வரவில்லை. ஒரு மாதமாக விசாரித்திருக்கிறார். மனநல மருத்துவச் சட்டம், 2017இன்படி மையம் பதிவு பெற்றிருக்கிறதா? ராத்திரியில் டாக்டர் இருப்பாரா? வீட்டார் வந்து பார்க்க விடுவார்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பிய ஓர் இடத்தை அதோடு அடித்துவிட்டார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்ததை அவர் தலைமுறை மறக்கவில்லை. பூட்டுப் போட்டு அடித்துத் திருத்துகிறேன் என்பவர்களுக்கு இன்றும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அலுத்துப்போன குடும்பம் அதற்கும் சம்மதித்துவிடும் என்பதுதான் வேதனை.

கேரள அரசின் 'விமுக்தி' திட்டத்தில் மாவட்டந்தோறும் போதை மீட்பு சிகிச்சை உண்டு, செலவில்லாமல். அங்கேயே போகலாமே என்றார் மனைவி. கணவருக்கும் மலையாளம் தெரியும். காய்கறிக்கு விலை பேச, ரேஷன் கடையில் சண்டை போட, போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டிய அளவுக்குத் தெரியும். "ஆனா அப்பா செத்தன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு மலையாளத்துல சொல்லத் தெரியாது" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த சிகிச்சையில் ஊசி மருந்தெல்லாம் முதல் சில நாட்களுக்குத்தான். பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவதும் பேசக் கேட்பதும்தான் மருந்து. எல்லை மாநிலத்தில் வாழ்கிறவர்கள் எந்த மொழியில் அழுவார்கள் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. மதுரை என்று முடிவானது அப்படித்தான்.

ஒரு மாதம் தங்குவது, வீட்டாரும் வந்து கலந்துகொள்வது என்ற இந்த முறை தமிழ்நாட்டில் வேர் பிடித்ததற்குப் பின்னால் ஒரு பெண்மணியின் துக்கம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். பெரிய தொழில் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. இருந்தும் அன்று சென்னையில் இதற்கென்று போக ஓர் இடமில்லை. 1980இல் கணவர் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார் சாந்தி. இன்று சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். நகரத்துக்கு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு அங்கேயே சிகிச்சை தந்ததும் இந்த அமைப்புதான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதை நோய் என்று சொல்லிப் படுக்கை போட்டவர் அவர்.

நோய் என்பது வட்டவடை வீட்டுக்கு வேறு விதமாகத் தெரியவந்தது. இரண்டு வருடம் முன்பு கணவர் சபரிமலைக்கு மாலை போட்டார். குடியை ஒரே நாளில் விட்டார். ஊரே மெச்சியது. இரண்டாம் நாள் ராத்திரி வாய்கோணி, கைகால் வெட்டி இழுத்தது. சாமி குத்தம் என்றார் ஒருவர். இரும்புச் சாவியைக் கையில் திணித்தார் இன்னொருவர். பிழைத்து எழுந்தவர் கண்டுகொண்ட பாடம், 'நிறுத்தினால்தான் உடம்பு கெடுகிறது' என்பது.

பாதி உண்மை அது. நெடுநாள் அதிகமாகக் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும், யாரோ கூப்பிடுவது கேட்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் இது தாண்டக்கூடிய கண்டம்தான். கூடவே வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், வற்றினால் மூளை பாதிக்கும்.

மூணாறில் பார்த்த டாக்டர் வலிப்புக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்களாக நிறுத்திவிட்டு பஸ் ஏறாதீர்கள். கடைசி நாள் என்று சேர்த்துக் குடிக்கவும் வேண்டாம். தனியாகப் போகவே கூடாது." வழிக்கு மாத்திரை எழுதி, மதுரை மையத்துக்குக் கடிதமும் கொடுத்தார். வீரமாக நிறுத்திக் காட்டுவதுதான் முதல் படி என்று நினைத்திருந்த மைத்துனருக்கு இது புதுச் செய்தி.

பையில் வைக்கக் கூடாத பொருட்களுக்கு மையம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது. ஷேவிங் லோஷன், இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் மருந்து. மூன்றிலும் ஆல்கஹால் இருக்கக்கூடும். பட்டியலைப் படித்துவிட்டுக் கணவர் சிரித்தார். "இதையெல்லாம் குடிக்கலாம்னே எனக்குத் தெரியாதே!"

பணம்தான் கஷ்டமான பேச்சு. பூண்டு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், கூட்டுறவுச் சங்கத்தில் கடன், மனைவிக்குத் தெரியாமல் கைமாற்றாக வாங்கியது. கடைசியானதை அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். கோணல்மாணலான எழுத்து. மனைவி கூட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏ.டி.எம். அட்டை அவர் முந்தானையில் முடியப்பட்டது.

ஊருக்கு என்ன சொல்வது? மூட்டு வைத்தியம் என்று முதலில் தீர்மானித்தார்கள். கூடக் குடிக்கும் சிநேகிதர் ஒருவர் முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "மதுரைக்குப் போறியாமே, ஒரு மாசம் தாங்குவியா?" என்றார். மூட்டு வைத்தியம் அங்கேயே செத்தது. வந்தவர் மடியில் பாட்டில் இருந்தது. மைத்துனர் திண்ணையிலிருந்து எழுந்திருக்கவில்லை, பேசவுமில்லை. அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து வந்தவர் போய்விட்டார்.

அன்று ராத்திரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார்கள். மைத்துனர் வாசிக்க வாசிக்க இவர்கள் பதில் சொன்னார்கள். எந்த வயதில் தொடங்கினார், காலையிலேயே குடிப்பாரா, வலிப்பு உண்டா. பிறகு ஒரு கேள்வி: குடியை நிறுத்த ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுக்கப்பட்டதா?

"இல்ல" என்றார் கணவர்.

மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "குடுத்திருக்கேன்" என்றார்.

தேனியில் ஒரு சுவரொட்டி. குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும் பொடி. வாங்கி வந்து நான்கு நாள் குழம்பில் கலந்தார். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. டைசல்ஃபிராம் போன்ற மருந்து கலந்திருந்தால் அதன் மேல் சாராயம் விழும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். டாக்டர்கள் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் அதைக் கொடுப்பார்கள்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.

"முட்டைக்கோசுக்கு மருந்தடிச்சிட்டு வந்து விழுந்தேனே, அன்னிக்கா?"

"ஆமாங்க. செத்துருவீங்கன்னு நெனச்சேன். மிச்சத்தைக் கொட்டிட்டேன்."

"மருந்துக் காத்து ஒத்துக்கலைனு நெனச்சு, அப்புறம் ஒரு வருசம் நீதானே மருந்தடிச்ச" என்றார் கணவர். பிறகு மைத்துனரிடம், "எழுதுங்க மச்சான்" என்றார்.

பொடியின் உறையை மனைவி தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து எடுத்து, டாக்டர் கடிதத்தோடு சேர்த்துப் பையில் வைத்தார். ஸ்வெட்டரையும் பார்த்தார், எடுக்கவில்லை.

காலை மூணாறு பஸ்ஸில் கணவரும் மைத்துனரும் ஏறினார்கள். குடும்பத்தாருக்கான வகுப்பு இரண்டாவது வாரம். அப்போது வந்தால் போதும் என்று மனைவிக்குச் சொல்லியிருந்தார்கள். பஸ் நகரும்போது கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மேல் தட்டுக்குத் தண்ணி பாத்துக்க. வரும்போது அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துட்டு வா. இன்னும் ரெண்டு பேரு எழுத வேண்டியிருக்கு."