தோணியின் ஆட்கள்

நீர் வற்றிய வேளையில் டிராம்பே படகுத்துறையில் கோலி மீனவரின் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அவற்றின் பருமை எளிதில் புலப்படாது. யாரேனும் ஒருவர் ஏறி நின்று வலையை உதறத் தொடங்கியதும் அது தெளிவாகிவிடும். படகுக்கு மனித உடலே அளவுகோல். மாதிரிப் படகு செய்வோரும் இதை அறிவர். பாய்மரமும் சுக்கானும் நங்கூரமும் பழுதின்றி அமைந்திருப்பினும், ஆளில்லாத மாதிரி அலமாரிப் பொருளாகவே தோன்றும்.

ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த மெக்கெட்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையில் மரத்தாலான மாதிரிப் படகுகள் வைக்கப்பட்டிருந்தன. 1920ஆம் ஆண்டில் அவை கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் தலைவரோடு படகோட்டிகளும் இருக்கின்றனர். ஒரு படகு சமையலுக்கென்றே அமைந்தது. அதில் மாவு அரைப்போரும் ரொட்டி சுடுவோரும் உள்ளனர். தலைவரை மட்டும் செய்து வைத்திருந்தால், அவருடைய பயணத்தில் அடுப்பு எரிந்த செய்தி நமக்கு எட்டியிருக்குமா?

டிராம்பேயில் தமிழர் பலர் வாழும் பகுதி சீத்தா கேம்ப். 1976இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்த மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அப்படி வந்த குடும்பம் ஒன்றில் பிறந்த எட்டாம் வகுப்பு மாணவி, பள்ளிக் கண்காட்சிக்காகத் தூத்துக்குடித் தோணி ஒன்றின் மாதிரியைச் செய்தாள். அவளுடைய தாத்தா இளமையில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணியில் வேலை பார்த்தவர். 25 மீட்டர் நீளமுள்ள தோணியை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, 50 சென்டிமீட்டர் நீளத்தில் அவள் அமைத்தாள். கட்டட மாதிரிகளில் நிறுத்தும் பிளாஸ்டிக் ஆட்களைக் கடையில் வாங்கி வந்தாள். கடைக்காரர் முதலில் காட்டியவை 5 சென்டிமீட்டர் உயரமுடையவை. அவை அத்தோணியில் ஏறினால் எட்டடிக்கும் மேற்பட்ட அரக்கர்களாக நிற்கும்! 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் இந்த அளவில் 3.4 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துச் சரியான அளவிலேயே ஐவரை வாங்கினாள்.

உடனே ஒட்டும் பசையைக் காலடியில் தடவி ஐவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினாள். மறுநாள் காலையில் இருவர் விழுந்து கிடந்தனர். மற்றவர்களின் கால்களைச் சுற்றிப் பசையின் ஆவி வெண்மையாகப் படிந்திருந்தது. வண்ணம் பூசிய தளத்தின்மேல் ஒட்டினால் பசை வண்ணத்தைத்தான் பற்றுமே அன்றி மரத்தைப் பற்றாது. காலடியோ ஓர் அரிசியின் அளவே. அதில் எவ்வளவு பிடிப்பு இருக்க முடியும்?

தாத்தா கண்ணாடியை அணிந்துகொண்டு தோணியை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் புகைப்படத்துக்கு நிற்கிறார்களே அம்மா! தோணியை யார் ஓட்டுவது? இதோ, ஒருவன் கையில் அலுவலகப் பை வேறு வைத்திருக்கிறான்."

"நீங்கள் எங்கே நிற்க வேண்டும் தாத்தா? சுக்கானைப் பிடித்துக்கொண்டுதானே? நீங்கள்தானே தண்டல்?"

தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். தாத்தா சிரிக்கவில்லை. "நான் தண்டல் இல்லை, அம்மா. பண்டாரி. பத்துப் பேருக்குச் சோறு ஆக்கியவன். என்னைச் சுக்கானில் நிறுத்தாதே. அது இன்னொருவர் இடம்" என்றார்.

பேத்தியின் முகம் வாடியது. கண்காட்சிக்கு வருவோரிடம், "என் தாத்தா தோணித் தலைவர்" என்று சொல்ல அவள் எண்ணியிருந்தாள். ஆயினும் அன்று மாலை அவர் ஒவ்வோர் இடமாகச் சுட்டிக் காட்டியபோது அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரத்தில் சுக்கான், அதன் அருகே தண்டல். அவர் கண் பாயின்மீது இருக்க வேண்டும். அணியத்தில் ஒருவன் நங்கூரக் கயிற்றோடு நிற்பான். இருவர் பாய்க்கயிற்றை இழுப்பர். இழுப்பவன் உடல் பின்னோக்கிச் சாயும். ஓடும் தோணியில் யாரும் கால்களைச் சேர்த்து நிற்பதில்லை. அமரத்தின் பக்கம் அலை தெறிக்காத மூலையில் அடுப்பு. அதன் முன் பண்டாரி குந்தியிருப்பார்.

குந்தியிருக்கும் ஆள் கடையில் கிடைக்கவில்லை. மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்து உடற்கூடு செய்து, அதன்மேல் எம்-சீல் அப்பி, ஊசிமுனையால் முழங்காலையும் முதுகையும் செதுக்கினாள். முதுகின் வளைவு சரியாக வருவதற்காகத் தாத்தாவை மூன்று முறை குந்தச் சொன்னாள். முழங்கால் வலியோடு அவரும் குந்தினார்.

இம்முறை பசையை மட்டும் அவள் நம்பவில்லை. மெல்லிய துளையூசியைக் கையால் சுழற்றி ஒவ்வோர் ஆளின் காலிலும் சிறு துளையிட்டு, அதில் பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி ஒட்டினாள். தளத்திலும் அதே அளவில் துளையிட்டாள். கம்பி துளைக்குள் இறுக்கமாக இறங்கியதும் ஆள் அசையாமல் நின்றான். வேண்டும்போது பிடுங்கவும் முடிந்தது. காலில் முளை வைத்துத் தளத்துளையில் பொருத்துவது எகிப்தியரும் கையாண்ட முறைதான். அவர்கள் கம்பிக்குப் பதிலாக மரத்தைப் பயன்படுத்தினர்.

கண்காட்சிக்கு முதல் நாள், வகுப்புத் தோழியின் தந்தையான கோலி மீனவரிடம் தோணியைக் காட்டினாள். அவர் பாயையும் பார்க்கவில்லை, வண்ணத்தையும் பார்க்கவில்லை. "தாண்டேல் குடே ஆஹே?" என்று மராத்தியில் கேட்டார். 'தாண்டேல் எங்கே?' என்பது பொருள். அவள் வியந்து நின்றாள். தூத்துக்குடியில் தண்டல், டிராம்பேயில் தாண்டேல். கடலோரம் முழுவதும் ஊர்ந்து சென்ற ஒரே சொல்! பண்டாரி என்ற சொல்லையும் அவர் அறிந்திருந்தார். குந்தியிருந்த உருவத்தை விரலால் தொட்டு, சோறு என்னவென்று வேடிக்கையாகக் கேட்டார். "இது என் தாத்தா" என்றாள் அவள்.

பிறகு அணியத்தில் நின்றவனைக் காட்டி அவர் தலையை அசைத்தார். நங்கூரக் கயிற்றின் வளையத்துக்குள்ளேயே அவன் கால் இருந்தது. நங்கூரம் இறங்கும்போது கயிறு ஓடும்; வளையத்துக்குள் இருக்கும் காலையும் இழுத்துக்கொண்டு போகும்.

அவள் வீட்டுக்கு வந்து அந்த ஆளைப் பிடுங்கினாள். இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் புதிய துளையிட்டு அவனை அங்கே நிறுத்தினாள். பழைய துளையின்மேல் கயிற்று வளையத்தை வைத்து ஒட்டினாள்.