ஐயரின் மரப்பெட்டி

எங்கள் சபையில் போதகரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் குடும்பங்களில் அது தலைமுறை தலைமுறையான பழக்கம். அவர் மனைவி ‘ஐயரம்மா’. தெருவில் எதிர்ப்பட்டால் “தோத்திரம் ஐயரே” என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். என் சிறுவயதில் எங்களுக்கு வாய்த்த ஐயர் ஞாயிறுதோறும் வெள்ளை அங்கியில் பிரசங்க பீடம் ஏறினார். அந்தப் பிரசங்கங்களில் ஒன்றுகூட இன்று முழுதாக நினைவில்லை. அவருடைய சைக்கிளும், அதன் கேரியரில் கட்டிவரும் மரப்பெட்டியும் மட்டும் அப்படியே கண்ணில் நிற்கின்றன.

அப்பாயி படுத்த படுக்கையான ஆண்டில் அந்தப் பெட்டியைக் கிட்டத்தில் பார்த்தேன். நாலு விரல் உயரத்தில் ஒரு கிண்ணம், மூடிபோட்ட டப்பாவில் அப்பம், சின்னக் குப்பியில் திராட்சரசம், மடித்த வெள்ளைத் துணி. கோயிலுக்கு வர முடியாதவளைத் தேடிக் கோயிலே வந்தது போலிருந்தது.

ஐயர் முக்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடனே ஜெபத்தைத் தொடங்கவில்லை. “ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்டார். அப்பாயி கண்ணாலேயே எங்களைக் காட்டினாள். அப்பா எழுந்து எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டி வந்தார். கதவைச் சாத்தினார்கள்.

அரை மணி நேரம் போயிருக்கும். கதவு திறந்தபோது அப்பாயியின் கன்னம் நனைந்திருந்தது. நெற்றிச் சுருக்கம் தளர்ந்திருந்தது. அவளால் விழுங்க முடியாது. ஐயர் அப்பத்தில் கடுகளவு கிள்ளி, ரசத்தில் நனைத்து, கரண்டி நுனியால் உதட்டுக்குள் வைத்தார். அது கரைந்து இறங்கும்வரை அவள் தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த சில நாளில் அவர் மறுபடி வந்தார். கிளம்பும்போது பின்னாலேயே ஓடி, “அப்பாயி உங்ககிட்ட என்ன சொன்னாங்க ஐயரே?” என்று கேட்டேன். பெட்டியை டியூப்பால் இறுக்கிக் கட்டியபடி சொன்னார்: “அது என்கிட்ட இல்ல தம்பி. சேர்க்க வேண்டிய இடத்துல சேர்த்துட்டேன்.”

அந்தப் பதிலின் ஆழம் விளங்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. சீர்திருத்தத்தில் லுத்தர் எத்தனையோ வழக்கங்களைக் களைந்தார். ஆனால் மனதை உறுத்துவதைப் போதகரிடம் தனியே சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைத் தன் காதால் கேட்கும் ஆறுதலை அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பாவத்தையும் எண்ணி ஒப்பிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் எடுத்தார். 1530-இல் எழுந்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் இதையே சொல்கிறது. லுத்தரும் சபைகளைத் தேடிப் போனவர்தான். 1528-இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனபோது, அடிப்படைப் பாடம்கூடத் தெரியாத ஜனங்களையும் சொல்லிக் கொடுக்கத் தெரியாத குருமாரையும் கண்டு கலங்கினார். மறு ஆண்டே சிறிய ஞானோபதேசம் பிறந்தது. திடப்படுத்தல் வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த அந்தச் சின்னப் புத்தகத்தின் பின்னாலும் ஒரு சபை சந்திப்பு இருக்கிறது.

நம் கரையிலும் சபை வேலை அப்படித்தான் தொடங்கியது. 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளி வாத்தியாரை வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கேட்கும் காது வாய்த்த பிறகே பேசும் வாய் வந்தது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1733 டிசம்பர் 28-இல் கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். லுத்தரன் சபையில் முதல் இந்தியப் போதகர் அவரே. அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர் அவர். எங்கள் ஐயரின் சைக்கிள் தடம் அந்தக் கால்தடத்தின் மேல்தான் ஓடியது என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு ஆராதனை ஊர் அறியும். கல்யாண ஓலை வாசிப்பதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், கல்லறையில் முதல் பிடி மண் போடுவதும் எல்லார் கண்ணெதிரே நடப்பவை. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் ஐயர் ராத்திரி கண்விழித்ததும், பாகத் தகராறில் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பியை ஒரே பாயில் உட்கார வைத்ததும் சபைக் கணக்கில் ஏறாதவை. எல்லார் வீட்டுப் பாரமும் வந்து இறங்கும் அந்த நெஞ்சை யார் விசாரித்தோம்? ஐயரம்மா ஒருத்தர்தான் அறிந்திருப்பார். ஐயருக்கு மாற்றல் வந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் சாமான்கள் லாரியில் ஏறின. ஊரில் பாதிப் பேரின் கண்ணீர் அவருக்குத் தெரியும். அதில் ஒரு சொல்கூட ஊருக்குள் சிந்தாமல் புறப்பட்டுப் போனார்.

போன வருடம் எனக்கே யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் தூக்கமில்லை. இப்போதைய ஐயர் என்னைவிடப் பத்து வயது இளையவர், பைக்கில் வருகிறவர். இவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஒருநாள் அவரே வீட்டுக்குள் வந்து, அப்பாயி காலத்து முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, “ஏதாவது சொல்லணுமாண்ணே?” என்றார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.