மஞ்சட் பூவுக்குள் ஒரு நண்டுச் சிலந்தி

கனடாவுக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கு வெளியே போவதென்றால் கடை, பாடசாலை, வைத்தியர் என்ற அளவோடு சரி. காடு, பற்றை என்றால் மனம் ஒப்பாது. பற்றைக்குள் யார் பதுங்கியிருப்பார்கள், கால் வைக்கும் இடத்தில் என்ன புதைந்திருக்கும் என்று பயந்து நடந்தவர்கள் நாம். அந்தப் பயமும் எம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

கடந்த செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஸ்காபரோவின் கிழக்கே உள்ள ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போனோம். 2015 இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா சுமார் 79 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நுழைவுக் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிச்சாலைவரை ரீரீசி பஸ் போகிறது. அதனருகே நடைபாதை தொடங்குகிறது. கட்டுச்சோறும் தேநீருமாகப் போய் இறங்கினோம்.

பாதையின் இருமருங்கும் கோல்டன்ரொட் எனும் மஞ்சட் பூச்செடிகள் இடுப்பளவுக்கு நின்றன. ஒரு பூங்கொத்தில் தேனீ ஒன்று அசையாமல் கிடந்தது.

"அம்மம்மா, இந்தத் தேனீ நித்திரையோ?" என்றான் எங்கள் சின்னவன்.

குனிந்து பார்த்தால், தேனீயின் கழுத்தைக் கவ்வியபடி பூவின் நிறத்திலேயே ஒரு சிலந்தி!

"ஐயோ, நச்சுப் பூச்சி! கையை எடு, பற்றைப் பக்கம் போகாதை!" என்று அம்மம்மா அவனைப் பின்னுக்கு இழுத்தார்.

அது நண்டுச் சிலந்தி. நண்டைப் போலக் கால்களை விரித்துப் பக்கவாட்டிலும் நடக்கும். இரை பிடிக்க வலை பின்னாது. நீண்ட முன்னங்கால்களை விரித்துப் பூவில் காத்திருக்கும். தேனீயோ வண்ணத்துப்பூச்சியோ வந்தமர்ந்தால் பாய்ந்து பிடித்து, நஞ்சைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். பெண் சிலந்தி ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. ஆண் அதன் பாதிகூட இல்லை. மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை.

பெண் சிலந்தி வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் மஞ்சட் பூவில் மஞ்சளாகவும் இருக்கும். சூழலின் நிறத்தைக் கண்ணால் கண்டே மாறுகிறது. கண்களை மறைத்துச் சோதித்தபோது மாறவில்லை. மஞ்சட் சாயம் உடலின் மேற்படைக்கு வந்து சேர 10 முதல் 25 நாட்கள் செல்லும். திரும்ப வெள்ளையாக ஏறக்குறைய 6 நாட்கள் போதும். முட்டையிடும் காலத்தில் இலையை மடித்துக் கூடாக்கி, முட்டைகளைக் காவல் காக்கும். அதற்கு மில்க்வீட் இலையையும் பயன்படுத்தும். அந்தச் செடி எங்களூர் எருக்கலைக்கு உறவு. இதைச் சொன்னதும் அம்மம்மாவின் முகம் சற்று இளகியது.

"தாய்தானே, பாவம்" என்றார்.

இங்கே உண்மையில் கவனிக்கவேண்டியது உண்ணி. கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். நீளக் காற்சட்டை அணியுங்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் உடலைப் பாருங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். ஊரில் உயிருக்குப் பயந்து பழகிய அந்தப் பழக்கம் இங்கும் உதவுகிறது.

திரும்பும்போது அம்மம்மாதான் முன்னுக்கு நடந்தார். பாதையை விட்டு இறங்கவில்லை. ஆனால் மஞ்சட் பூவைக் கண்ட இடமெல்லாம் நின்று, சின்னவனைக் கூப்பிட்டுக் காட்டினார். வந்த நாள் முதல் அறைக்குள்ளேயே இருந்தவர் அவர். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.