திரும்பி வருவோம் என்பதற்குச் சான்று

நாங்கள் ஓசூரில் வாழும் தம்பதியர். ஒருவர் இந்தியர், மற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இலங்கைக் குடிமகள். தமிழ் ஒன்றே, கடவுச்சீட்டுகள்தாம் இரண்டு.

பாரீசிலுள்ள தமக்கையாரைக் காண விடுமுறையில் செல்ல எண்ணினோம். ஷெங்கன் விசாவுக்கான படிவம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர், பயணம் முடிந்தபின் இந்தியாவுக்குத் திரும்பி வாழும் உரிமையையும் காட்டவேண்டும். அந்தத் தங்கும் அனுமதியோ முடியும் தறுவாயில் இருந்தது. பெங்களூர் 40 கிலோமீட்டரில் இருப்பினும், தமிழகவாசிகளாகிய நாங்கள் சென்னைப் பதிவு அலுவலகத்தைச் சார்ந்தவர்கள். 2018 முதல் இதெல்லாம் இணையவழியே என்பதால் அலைச்சல் இல்லை, காத்திருப்பு இருந்தது.

"நான் திரும்பி வருவன் எண்டு நீங்கள் சொன்னாப் போதாதே?" என்ற கேள்வி ஓரிரவு எழுந்தது. பதில் இல்லை.

அனுமதியும் விசாவும் கிடைத்தன, சென்று வந்தோம். பெங்களூர் விமான நிலையத்தில் இருவரும் வெவ்வேறு வரிசைகளில் நின்றோம். பெத்லகேமில் குடியேறிய பின்னும் ரூத்து 'மோவாபியப் பெண்' என்றே அழைக்கப்பட்டாள் என்பது நினைவுக்கு வந்தது.

அத்திப்பள்ளி எல்லையைக் கடந்ததும், "வீட்டுக்கு வந்திட்டம்" என்றது யாழ்ப்பாணத் தமிழ். அதைவிடச் சான்று வேறென்ன?